முதலில் ஏறிய கொடி

"டிக்கெட் ரெடின்னு காட்டுது, அச்சடிச்சா சீட் நம்பரே இல்ல! ஃபீனிக்ஸ் பே படகுத்துறைல ஜனங்க சண்டைக்கு வர்றாங்க. ஜல்தி ஏதாவது சொல்லு, பாய்!"

போனில் தேவேந்திரன் அலறினான். அந்தப் படகு டிக்கெட் மென்பொருளை அவனும் செந்தமிழனும் சேர்ந்துதான் எழுதியிருந்தார்கள்.

"கத்தாதே," செந்தமிழன் குனிந்து கிசுகிசுத்தான். "நம்ம புரோகிராம்ல ரெண்டு வேலை ஒரே நேரத்துல ஓடுது. ஒரு த்ரெட் சீட் நம்பரை எழுதிட்டு, ரெடின்னு கொடி தூக்குது. இன்னொரு த்ரெட் கொடியைப் பார்த்ததும் டிக்கெட் அடிக்குது. சரியா?"

"சரி. அங்க என்ன அவ்வளவு சத்தம்?"

"அதை விடு. ப்ராசசர் அவசரப்பட்டு, நம்பரை எழுதறதுக்கு முன்னாலயே கொடியைத் தூக்கிடுது. நடுவுல மெமரி பேரியர்னு ஒரு தடுப்பு போடு."

"போட்டா?"

"எழுதி முடியற வரைக்கும் யாரும் அதைத் தாண்ட முடியாது. அப்புறம்தான் கொடி இப்படி மேல ஏறும்!"

பேச்சு வேகத்தில் அவன் வலது கை ஜம்மென்று உயர்ந்தது.

மேடையில் ஒரு கை உயர்வதற்காகவே காத்திருந்த தவில்காரர் கெட்டிமேளத்தை முழக்கினார். மின்னி பே கல்யாண மண்டபமே எழுந்து நின்று அட்சதை தூவியது. மாமியார் ஆனந்தக் கண்ணீர் விட்டார். பாதிக் கூட்டம் பந்திக்கு ஓடியது.

ஐயர் மட்டும் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தாலி இன்னும் அவர் தட்டிலேயே இருந்தது.

மாப்பிள்ளை செந்தமிழன் போனை நழுவவிட்டான்.

அவன் அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் மணப்பெண் நளினி, பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டவள், கூந்தலில் விழுந்த அரிசியோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கொடி ஏறிடுச்சு, இன்னும் ஒண்ணுமே எழுதலை. யாராவது பார்க்கறதுக்குள்ள கட்டுங்க!"