பாசி வில்லை

காலை வெயில் கண்ணாடித் தொட்டிக்குள் சாய்வாக இறங்குகிறது. ஒன்பது நாளாக எந்த இரையையும் தொடாமல் வெளுத்துப்போன மஞ்சள் கடல்மீனுக்கு முன்னால், அலங்கார மீன் கடைக்காரி தன் கையால் அரைத்துக் காயவைத்த பாசி வில்லையை நீட்டிப் பிடித்திருக்கிறாள். முழங்கைவரை உப்புத் தண்ணீர். "வீட்டுப் பாத்திரமெல்லாம் பச்சையானதுதான் மிச்சம்," என்கிறான் பின்னால் நிற்கும் கணவன். "கொஞ்சம் சும்மா இருங்களேன்!" மீன் நெருங்குகிறது, விலகுகிறது, மறுபடி வருகிறது. வெடுக்கென்று ஒரு கொத்து. வில்லையின் ஓரத்தில் பிறை போல ஒரு கடி விழுகிறது. இன்னொரு கொத்து, பச்சைத் துகள்கள் வெளிச்சத்தில் சுழல்கின்றன. மரத்துப்போன கையை எடுக்க மனமில்லாமல் அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். "அடியே, தின்னுது!" என்று கூவியபடி கணவன் பரபரவென்று சட்டைக் கையைச் சுருட்டுகிறான். "தள்ளு, அடுத்த வில்லையை நான் குடுக்கிறேன்."