பள்ளத்துப் பக்கம்

மலைப்பாதைப் பந்தயத்தில் பிலோமினா வேண்டுமென்றே சக்கரத்தால் இடித்துத் தள்ளியதில் குணவதியின் முட்டி நொறுங்கிப்போனது. இரண்டு வருடங்கள் கழித்து இன்றுதான் மறுபடியும் சைக்கிளை எடுத்தாள். தடித்த புது டயர்கள் மாட்டி, ஏற்றத்துக்கு இருப்பதிலேயே இலகுவான கியரைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தபோது பிலோமினா பக்கத்தில் வந்து சேர்ந்தாள்.

“என்னடி, இந்தக் கியர்ல ஓட்டுறதுக்கு நடந்தே போயிடலாமே?”

குணவதி அதே கியரில் மிதித்தாள். வேகத்தைக் கூட்டவும் இல்லை. அன்று விழுந்த வளைவு வந்தது. இப்போது பள்ளத்துப் பக்கம் இருந்தவள் பிலோமினா. ஹேண்டில்பாரை லேசாகத் திருப்பினாலே போதும். பிலோமினாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். சட்டென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாள்.

“நீ முன்னாடி போ, குணா.”

குணவதியும் நின்றாள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது.

“வேணாம். நீயே போ. நான் பின்னாடியே வர்றேன்.”