தேக்குச் சுக்கான் பிடி

காலை ஆறு இருபதுக்கு மெலிட்டா பழைய பாய்ப்படகு ஒன்றில் தண்ணீர்க் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மாலத்தீவுக்குத் தனியாகப் போகிறாள். அந்தப் படகில் கணினி எதுவும் கிடையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

அவளுடைய அப்பா ரெக்சன் தூத்துக்குடியில் உல்லாசப் பாய்ப்படகுகளை வடிவமைப்பவர். வெளியே பழைய தோணியின் உடலும் தேக்கில் செதுக்கிய சுக்கான் பிடியும் இருக்கும். உள்ளே ஒரு கருவி, பிடித்திருப்பவரின் தவறுகளை அவருக்கே தெரியாமல் திருத்திவிடும். தண்ணீர் சுக்கானை இழுப்பது போன்ற உணர்வையும் கைக்கு அதுவே கொடுக்கும். வாங்குபவர்களிடம் அவர் இதைச் சொல்வதில்லை. தாங்களே ஓட்டுவதாக அவர்கள் நம்பினார்கள்.

மெலிட்டா கற்றதும் அப்படியொரு படகில்தான்; அவளிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

"காத்து கூடுதும்மா. பொறவு போலாம்" என்றார் படகருகே நின்ற அப்பா.

"மூணு நாளா இதையே சொல்லுதீய. போன வருசம் இதவிடப் பெரிய காத்துல மணப்பாடு போய் வந்தேன். அன்னைக்குத் தெருவுக்கே பிரியாணி போட்டீய."

"அது நம்ம படகு. இதுல ஒரு சின்னப் பெட்டி மட்டும் வச்சித் தாரேன்."

"எதுக்கு?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

மெலிட்டா குடுவையைக் கீழே வைத்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படகைக் கட்டியிருந்த, ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கயிற்றை மறுபடி இறுக்கினார்.

"யப்பா, ஆறு வருசத்துல நான் ஒரு தடவகூடத் தப்பா ஓட்டலயே. அது எப்பிடி?"