மூணு மாசத்துல காலி

"மூணு மாசத்துல வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்று வீட்டுக்காரர் சொன்னதும், கணவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனைவி கணவரை முறைத்தாள். செருப்புத் தேய அலைந்து பிடித்த வீடு இது.

"எதுக்குக் காலி பண்ணணும்?" என்றாள்.

"இடிச்சுட்டு வாடகைக்குப் பன்னிரண்டு வீடு கட்டப் போறேம்மா. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் நிறுத்த இடம் விட்டாத்தான் அனுமதி. இந்த மனையில மூணு வீடுகூடத் தேறாது. இப்ப பஸ் ஸ்டாப் பக்கத்துல வாடகை வீடு கட்டினா, கார் இடமே வேண்டாம்னு விதியை மாத்திட்டாங்க. எந்தப் புண்ணியவான் மாத்தினானோ, நல்லா இருக்கணும்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு விதியை மாற்றுவதற்காக நாலு வருஷம் மாநகராட்சியில் ஃபைலும் கையுமாக மாடி மாடியாக ஏறி இறங்கிய புண்ணியவான், இடிபடப்போகும் சுவரைப் பூரிப்போடு தடவிக்கொண்டிருந்தார்.

"என் விதியில இடிக்கிற முதல் வீடு" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்போ பன்னிரண்டுல முதல் வீடு எங்களுக்குத்தான். இப்பவே எழுதிக் குடுங்க. எங்ககிட்ட காரும் கிடையாது."