பூட்டி வைத்த பயறு

“டேய் பயறு தின்னி, உன் கொடி காத்துலயா பறக்குது? நீ தின்ன பயறுதானேடா அதைப் பறக்க வைக்குது.”

ராணுவ முகாமின் நட்ட நடுவில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் மேஜர் ஜாராவைப் பார்த்து இப்படிச் சொன்னதும் நீதிபதி டோசுவுக்கு வேர்த்துவிட்டது. மேஜரோ வயிறு குலுங்கச் சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள்.

டோசு கடற்கரை நாட்டுக்காரர். பிராந்தியக் கூட்டமைப்பின் விசாரணைக் குழுவுக்குத் தலைவராக இந்த எல்லை ஊர்களில் அலைந்து அலைந்து, வழக்கங்கள் அவருக்கும் அத்துப்படிதான். ட்ராவோரே குலமும் ஜாரா குலமும் ஒருவருக்கொருவர் கேலி முறை. எப்படியும் திட்டலாம், கோபப்படக் கூடாது. கேட்டதை இல்லையென்று சொல்லக் கூடாது, மேலே கை வைக்கவே கூடாது. மீறினால் குடும்பத்துக்கே கேடு வரும் என்பது இங்கே நம்பிக்கை.

சற்று முன்பு அவள் வந்து நின்றபோது டோசு பெயரையும் அடையாள அட்டையையும் கேட்டிருந்தார்.

“அட்டை வீட்டோட எரிஞ்சு போச்சு ஐயா.” மேஜரின் சட்டையில் குத்தியிருந்த பெயரை ஒரு தரம் பார்த்துவிட்டு, “எழுதிக்குங்க, நியேலே ட்ராவோரே” என்றாள். கல்யாணமானாலும் இங்கே பெண்ணுக்கு அப்பன் குலப்பெயர்தான்.

“ட்ராவோரேயா? எங்க வீட்டு அடிமைக் கூட்டமாச்சே” என்று மேஜர் குஷியாகிவிட்டார். “இவளுக்கு எதுக்கு அட்டை? வாயே சொல்லுதே.”

அவள் சொன்ன புகார் சிரிக்கிற மாதிரி இல்லை. மாட்டுச் சந்தையிலிருந்து சிப்பாய்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் அவள் தம்பி பக்காரியும் ஒருவன். எல்லோரும் முகாமின் பின்பக்கக் கொட்டகையில் அடைபட்டுக் கிடக்கிறார்கள்.

“ஊர்ஜிதமாகாத குற்றச்சாட்டு” என்றார் மேஜர், பச்சைத் தேநீரை உறிஞ்சியபடி. “அது பயறு மூட்டை வெச்சிருக்கிற கிடங்கு.”

“அப்போ ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறோமே.”

“உங்க ஒப்பந்தத்தைப் படிங்க ஐயா. எங்க அனுமதி இல்லாம ஒரு கதவையும் நீங்க திறக்க முடியாது.”

உண்மைதான். போன ஊரிலும் அதற்கு முந்தைய ஊரிலும் டோசு எழுதிய வரி, ‘ஊர்ஜிதம் செய்ய இயலவில்லை’ என்பதுதான். இன்றும் அதையே எழுதிவிட்டு வண்டியேறினால் அந்த ஆட்கள் பொழுது விடிவதைப் பார்க்க மாட்டார்கள். அது தெரிந்தும் கை தானாகப் பேனாவைத் திறந்தது. அந்தக் கையை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பொழுதுபோக்க வந்தவள்போல அந்தக் கொடி வசவைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். சிரிப்பு அடங்கியதும் சுரைக்குடுக்கைக் கிண்ணத்தை நீட்டினாள்.

“பசிக்குதுடா பயறு தின்னி. ஒரு கிண்ணம் பயறு குடு.”

“சார்ஜென்ட், சமையல்கட்டுலேர்ந்து கொண்டாந்து குடு.”

“சமையல்கட்டுப் பயறு யாருக்கு வேணும்? நீ பூட்டி வெச்சிருக்கியே, அந்தப் பயறு குடு. நானே அள்ளிக்கிறேன்.”

மேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. “நாளைக்கு வா.”

“கேலி முறைக்காரிக்கு இல்லேன்னு சொல்றியா? உன் ஆளுங்க காதுபட சொல்லு. சொன்னவன் குடும்பம் என்ன கதி ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்.”

சிப்பாய்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஜர் டோசுவின் பக்கம் திரும்பினார். “ஐயா, இவளை வெளியில போகச் சொல்லுங்க.”

டோசுவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. “இது உங்க குடும்ப விஷயம் மேஜர். எங்க ஒப்பந்தப்படி நாங்க தலையிட முடியாது.”

அவள் எழுந்து நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். அவளைப் பிடிக்க ஒரு கையும் நீளவில்லை. நரைத்த மீசை சார்ஜென்ட் சாவிக்கொத்தோடு மேஜரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல மேஜரின் வாய் திறந்தது, சொல் வரவில்லை. அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டு சார்ஜென்ட் பூட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரு பயறுமணிகூட இல்லை. கண் கூச, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆட்கள் வெளியே வந்தார்கள். வரிசையின் கடைசியில் வந்த ஒல்லிப் பையனை அவள் இழுத்துக் கட்டிக்கொண்டாள். குழுவின் புகைப்படக்காரர் படமெடுத்துக்கொண்டே இருந்தார். இனி ஊர்ஜிதத்துக்குக் குறைவில்லை.

“உன் பேரு என்னப்பா?” டோசு எழுதிக்கொள்ளக் குனிந்தார்.

“பக்காரி டும்பியா.”

“இந்தம்மா?”

“அக்கா. ஒரே அப்பா, ஒரே அம்மா.”

டோசுவின் பேனா நின்றது. மேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“டும்பியாவா? அப்போ இவ ட்ராவோரேயே இல்ல. பொய்ப் பேரு சொல்லி என்னை ஏமாத்தியிருக்கா. இதையும் எழுதுங்க ஐயா.”

அவள் தம்பியின் கையை விடாமல், தலையும் குனியாமல் நின்றாள். டோசு பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

“ஊர்ஜிதமாகாத குற்றச்சாட்டு, மேஜர்.”