ரோடு தேடி வந்த ஓதம்

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் பொங்கிக் கரையேறுமே, அந்த ஓதத்துக்கு மனிதர்கள் என்றால் கொள்ளை ஆசை. நடுக்கடலில் அதற்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. முதன்முதலாகக் கடலோர ரோட்டில் அது ஏறிவந்த நாளில் பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போட்டார்கள். பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். நமக்கு இத்தனை வரவேற்பா என்று ஓதம் பூரித்துப்போனது.

அடுத்த முறை டீக்கடை பெஞ்சு செங்கல் மேல் ஏறி நின்றது. தனக்கு வழிவிட்டிருக்கிறார்கள் என்று ஓதம் நினைத்துக்கொண்டது. "மறுபடி வந்துட்டியா?" என்றார் கடைக்கார ராயப்பன். உரிமையோடு கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் ஒருமுறை வந்தபோது கடை இல்லை. பஸ்ஸும் இல்லை. தார் பெயர்ந்த ரோடு மட்டும் தனியாகக் கிடந்தது.

"எல்லாரும் எங்க?" என்று கேட்டது ஓதம்.

"உள்ள, மேட்டுப்பக்கம் போயிட்டாங்க" என்றது ரோடு.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா?"

"நீ வந்து வந்து நின்னதாலதான் போனாங்க. அவங்களை விட்டா எனக்கும் யாரும் இல்ல" என்றது ரோடு.

ஓதம் அதன் குழிகளில் எல்லாம் நிறைந்து நின்று யோசித்தது. பாவம், ஆளில்லாமல் கிடந்து இதற்கு மனசு கசந்துவிட்டது, அதுதான் இப்படிப் பேசுகிறது.

"நீ கவலைப்படாத" என்றது வாஞ்சையாக. "அடுத்த அமாவாசைக்கு இன்னும் கொஞ்சம் உள்ள போய் அவங்களைப் பார்த்துட்டு வரேன்."