மைக்கின் முன்னால் ரூபினி

மலேசியாவின் சிகாமட் நகர மண்டபத்தில் தன்னம்பிக்கை முகாமின் கடைசி நாள். தகரக் கூரையில் மழை இரைகிறது. பத்து வயது ரூபினி மேடையில், மைக்கின் முன்னால் நிற்கிறாள். அப்பா இறந்ததிலிருந்து ஒரு வருடமாக வீட்டுக்கு வெளியே அவள் வாய் திறந்ததில்லை. "என்னால முடியும்னு சொல்லு லா, ரூபினி. மெதுவா சொன்னா போதும்," என்கிறார் பயிற்சியாளர் கமலநாதன். மற்றப் பிள்ளைகள் கைதட்டிப் பார்க்கிறார்கள். அவள் விரல்கள் சட்டை நுனியைத் திருகுகின்றன. ஒலிபெருக்கியில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்கிறது. கடைசி வரிசையில் அம்மா பிரேமலா, மகளுக்குப் பதிலாகத் தானே சொல்வதுபோல உதடுகளை அசைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் பள்ளி திறக்கிறது. இதற்கு மேல் எங்கே கூட்டிப்போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. சட்டென்று எழுந்து நிற்கிறாள். "சொல்லிடும்மா! ஒரே ஒரு வார்த்தை! ரூபினி! ரூபினி!" குரல் உடைந்து அலறலாகிறது. கைதட்டல் நின்றுவிடுகிறது. ரூபினி மேடையிலிருந்து குதித்து, நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். அம்மாவின் வாயை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்துகிறாள். "கத்தாதீங்கம்மா," என்கிறாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "அன்னைக்கு வெள்ளத்துல அப்பாவையும் இப்படித்தான் கூப்பிட்டீங்க."